பெட்டியில் எழுதிய அளவும் கைக்கு வரும் அளவும்: கேள்வி பதில்

கேள்வி (கோப்பாய்): தோட்டத்துக்கு இரண்டு அங்குல இறைப்பு மெஷின் வாங்கினேன். பெட்டியில் நிமிடத்துக்கு 600 லீற்றர், உயரம் 30 மீற்றர் என்று இருக்கிறது. 200 லீற்றர் பரல் நிரம்ப 45 விநாடி செல்கிறது. மெஷின் பழுதா?

பதில்: பழுதில்லை ஐயா. உங்கள் கணக்கின்படி நிமிடத்துக்கு ஏறத்தாழ 265 லீற்றர் வருகிறது. வெங்காயப் பாத்திக்குப் போவது அதுதான். பெட்டியிலுள்ள இரண்டு எண்களும் ஒரே வேளையில் கிடைப்பவை அல்ல. நீரை உயர்த்த வேண்டிய தேவையே அநேகமாக இல்லாதபோதுதான் 600 லீற்றர் பாயும். 30 மீற்றர் உயரத்தில் நீர் குழாய்க்குள் நிற்குமேயன்றி, ஒரு சொட்டும் வெளியே விழாது. கிணற்றின் நீர்மட்டம், குழாயின் நீளம், வளைவுகள், உறிஞ்சுகுழாயின் அடியில் நீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் புட்வால்வு ஆகிய எல்லாம் சேர்ந்தே இவ்விரண்டுக்கும் இடையில் உங்களுக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன. இரண்டு அங்குல வாய்க்கு ஒன்றரை அங்குலக் குழாயைப் பூட்டியிருந்தால், அதே அளவு நீருக்கு உராய்வு இழப்பு நான்கு மடங்குக்குச் சற்று மேலாகும். முதலில் அதைப் பாருங்கள். இரண்டு எண்களை மட்டும் பெரிதாக அச்சிட்டு, இடைப்பட்ட உயரங்களுக்கான அட்டவணையைத் தராமல் விற்பது நேர்மையான வியாபாரம் அல்ல என்பதே என் கருத்து.

கேள்வி (இணுவில்): கோடையில் நீர்மட்டம் இறங்கினால் கூடிய குதிரைவலுவுள்ள மெஷின் உதவுமா?

பதில்: உதவாது. மேலே இருந்து உறிஞ்சும் எந்த மெஷினுக்கும் நீரை ஏற்றித் தருவது வளியமுக்கமே. அதன் எல்லை கணக்கில் 10.3 மீற்றர், நடைமுறையில் ஏழு எட்டு மீற்றர். மின்மோட்டாரானால் கிணற்றுக்குள் தட்டு அமைத்து இறக்கலாம். மண்ணெண்ணெய், பெற்றோல் மெஷினை ஒருபோதும் இறக்க வேண்டாம். அதன் புகை கிணற்றுக்குள் ஆளைக் கொன்றுவிடும்.

கேள்வி (சாவகச்சேரி): கூரையில் 5 கிலோவாற் சோலார் பூட்டினோம். நல்ல வெயிலிலும் நாலைத் தாண்டுவது அரிது. ஏமாந்துவிட்டோமா?

பதில்: இல்லை அம்மா. அந்த 5 என்பது, சதுர மீற்றருக்கு 1000 வாற் ஒளி விழ, சோலார் தகட்டிலுள்ள மின்கலம் 25 பாகை செல்சியசில் இருக்கும்போது ஆய்வுகூடத்தில் அளந்தது. நம் ஊர் நண்பகலில் கூரைமேல் மின்கலம் 60 பாகையைத் தொடுவது இயல்பு. 25ஐத் தாண்டும் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.35 சதவீதம் குறைவதால், வெப்பத்தால் மட்டும் 12 சதவீதம் போய்விடுகிறது. தூசியும் இன்வேட்டரும் மீதியை எடுக்கின்றன. வாங்குமுன் கிலோவாற்றைக் கேட்பதோடு நில்லாமல், மாதத்துக்கு எத்தனை யுனிற் என்பதை எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி (நல்லூர்): 20,000 மில்லி அம்பியர் மணி பவர் பாங்க் ஏன் அவ்வளவு தருவதில்லை?

பதில்: அந்த எண் உள்ளிருக்கும் 3.7 வோல்ற் பற்றரிக்குரியது. 5 வோல்ற்றில் வெளிவரும்போது அது 14,800 ஆகும். மாற்றும்போது ஏற்படும் இழப்பும் அதில் கழியும்.

கேள்வி (மானிப்பாய்): விளம்பரம் அப்பட்டமான பொய்யென்றால்?

பதில்: 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடலாம். பற்றுச்சீட்டையும் பெட்டியையும் எறியாதீர்கள்; கோப்பாய் அன்பர் செய்ததுபோல் அளந்து, அளந்த நிலைமைகளையும் குறித்து, முறைப்பாட்டோடு இணையுங்கள்.