என்எஃப்1 நோயும் பிட்யூட்டரியும்: கேள்வி பதில்

கேள்வி: மகனுக்கு 5 வயது, நியூரோஃபைப்ரோமேட்டோசிஸ் (என்எஃப்1: நரம்புக் கட்டிகளும் தோல் திட்டுகளும் வரும் மரபணு நோய்) இருக்கிறது. வயதுக்கு மீறிய உயரம். வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கும், மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி இருக்குமா டாக்டர்?

பதில்: முதலில் தேட வேண்டியது பார்வை நரம்புக் கட்டியை. என்எஃப்1 குழந்தைகளில் 100க்கு 15 முதல் 20 பேருக்கு அது வரும், பெரும்பாலும் 7 வயதுக்குள். நரம்புகள் குறுக்கிடும் இடத்தில் கட்டி உட்கார்ந்தால் பக்கத்தில், பிட்யூட்டரியை ஆட்டிவைக்கும் மூளைப் பகுதியான ஹைப்போதலாமஸ் தடுமாறும். வளர்ச்சி ஹார்மோனுக்குக் கடிவாளம் போடும் சோமாட்டோஸ்டாட்டின் குறைந்து, ஹார்மோன் மிகுவதாகக் கருதுகிறோம். அப்போது எம்ஆர்ஐயில் பிட்யூட்டரி பெரும்பாலும் ஒழுங்காகவே தெரியும். அதில் கத்தி வைத்துப் பயனில்லை.

வளர்ச்சி ஹார்மோன் மிகுந்தால் ரத்தத்தில் ஏறும் ஐஜிஎஃப்-1 கூடியிருந்தால் குளுக்கோஸ் குடிக்கவைத்துச் சோதனை: உடல் எடையில் கிலோவுக்கு 1.75 கிராம், உச்சம் 75 கிராம். அரை மணிக்கொரு முறை 2 மணி நேரம் ரத்தம் எடுப்பார்கள். வளர்ச்சி ஹார்மோன் மில்லிலிட்டருக்கு 1 நானோகிராமுக்குக் கீழே இறங்காவிட்டால் சந்தேகம் வலுக்கும். விரை பெரிதாகியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். 9 வயதுக்கு முன் பருவமடைவதும் உயரத்தைக் கூட்டும். இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

தோல் திட்டுகளின் ஓரத்தையும் கவனியுங்கள். என்எஃப்1 திட்டுக்கு ஓரம் வழவழப்பு. கிழித்த காகிதம் போலப் பிசிறாக இருந்தால் அது மெக்கூன்-ஆல்பிரைட் என்ற வேறொரு நோயாக இருக்கலாம். அது பரம்பரை நோயல்ல.

கேள்வி: எனக்கு வயது 32, என்எஃப்1. பால் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் 60, எம்ஆர்ஐயில் பிட்யூட்டரியில் 4 மில்லிமீட்டர் கட்டி. இரண்டுக்கும் காரணம் ஒரே மரபணுக் கோளாறா?

பதில்: பெரும்பாலும் தற்செயல்தான் அம்மா. எந்தக் குறையும் இல்லாதவர்களிலும் 100க்கு 10 பேருக்கு இப்படிச் சின்னக் கட்டி தென்படும். அசிடிட்டிக்கு டோம்பெரிடோன் கலந்த மாத்திரை சாப்பிடுகிறீர்களா? புரோலாக்டினை ஏற்றிவிடுவதில் அது பேர்போனது. எழுதித் தந்தவரிடம் கேட்டு 3 நாள் நிறுத்திவிட்டு மறுபடி பாருங்கள். கர்ப்பம், தைராய்டு சோதனையும் சேர்த்து. அப்புறமும் கூடியிருந்து மாதவிலக்கு தவறினால் புரோலாக்டினைக் குறைக்கும் கேபர்கோலின் 0.25 மில்லிகிராம், வாரம் 2 முறை, சாப்பிட்டபின் இரவில்.

கேள்வி: அண்ணனுக்கும் என்எஃப்1. பிட்யூட்டரி ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. அவ்வப்போது தலைவலி, வியர்வை, பிரஷர் எகிறுகிறது.

பதில்: தேதியைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். என்எஃப்1 உள்ளவர்களுக்கு சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பியில் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற, பிரஷரை ஏற்றும் ஹார்மோன்களைக் கொட்டும் கட்டி வரலாம். தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. ரத்தத்தில் அந்த ஹார்மோன்கள் சிதைந்து உண்டாகும் மெட்டாநெஃப்ரினைப் பார்க்கவேண்டும். 20 நிமிடமாவது படுத்திருந்த பிறகே ரத்தம் எடுக்கவேண்டும். கட்டி உறுதியானால் ஆல்ஃபா தடுப்பு மருந்து முதலில். பீட்டா மருந்தை முந்திக்கொண்டு கொடுத்தால் பிரஷர் இன்னும் ஏறும். காலை 8 மணிக்கு, அட்ரீனல் சுரக்கும் கார்ட்டிசால் ஹார்மோனைப் பார்ப்பதும் அவசியம். அது குறைந்திருந்தால், தைராய்டு மருந்தான தைராக்சின் தேவைப்பட்டாலும் ஸ்டீராய்டு தந்த பிறகே.

கேள்வி: நரம்புக் கட்டி, பிட்யூட்டரி இரண்டையும் தாக்கும் பரம்பரை நோயே கிடையாதா?

பதில்: உண்டு, கார்னி கூட்டுநோய். பிஆர்கேஏஆர்1ஏ மரபணுக் கோளாறு. உதட்டில் கருநிறப் பொட்டுகள், நிறமி நிறைந்த நரம்புறைக் கட்டி, வளர்ச்சி ஹார்மோன் மிகுதி. இதில் ஆளைக் கொல்வது இதயத்துக்குள் வளரும் மிக்சோமா என்ற கட்டி. வருடம் ஒரு எக்கோ (இதய ஸ்கேன்) தவறக்கூடாது.