தெருமுனைக் கூட்டத்தில் ஒரு வாக்குவாதம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை நடந்த ஒன்றைப் பற்றிக் கேட்கவே இந்தக் கடிதம். தெருமுனையில் ஒரு சின்னக் கூட்டம். முப்பது பேர் இருப்பார்கள். தடுப்பூசி ஒரு சதி, செல்போன் கோபுரம் நோய் பரப்புகிறது, விமானங்கள் வானத்திலிருந்து மருந்து தெளிக்கின்றன, நிலவுக்கு யாருமே போகவில்லை என்று ஆளுக்கொரு பதாகை. நான் அறிவியல் படித்தவன். இந்த மாதிரி சதிக்கதைகளைப் பற்றிப் பல வருடங்களாகத் தேடித் தேடி வாசிக்கிறேன். சும்மா கடந்துபோக மனம் வரவில்லை. நின்று பேச ஆரம்பித்தேன்.

ஒன்றரை மணி நேரம் பேசினேன். ஒன்றுக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் இன்னொருவர் அடுத்ததற்குத் தாவிவிடுவார். மைக் அவர்கள் கையில். ஒரு ஆய்வைச் சொன்னால், ‘அதற்குப் பணம் கொடுத்தது யார்?’ என்றார்கள். ‘நீ எவ்வளவு வாங்கினாய்?’ என்றும் ஒருவர் கேட்டார். சுற்றி நின்றவர்கள் போனில் படம் எடுத்தார்கள். கடைசியில் பதாகை பிடித்திருந்த ஒரு அம்மா, ‘தம்பி, என் பிள்ளைக்கு ஊசி போட்ட ராத்திரி நீ பக்கத்தில் இருந்தியா?’ என்று கேட்டார். ‘அது தற்செயல்மா, ஒன்றுக்குப் பின்னால் இன்னொன்று நடந்தால் அதனால்தான் நடந்தது என்று ஆகாது’ என்றேன். அதற்கப்புறம் அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

தோற்றுவிட்டதாகவே தோன்றுகிறது. ஆதாரம் காட்டக் காட்ட இவர்களின் பிடிவாதம்தான் கூடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் பேசுவதே வீணா? வரும் ஞாயிறும் அதே இடத்தில் கூடுகிறார்களாம். போகவா, வேண்டாமா?

அன்புடன்,
பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் வாசகன்

---

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் கேட்டிருக்கும் கேள்வியைவிட அந்த அம்மா கேட்ட கேள்விதான் மனதில் நிற்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் சொன்ன பதில் தர்க்கப்படி சரி. ஆனாலும் அந்த இடத்தில் அது தவறான பதில் என்று நினைக்கிறேன், அதுவும் அறிவியல்படியே. என்ன ஊசி என்று நீங்கள் கேட்கவில்லை. அன்று ராத்திரி என்ன நடந்தது என்றும் கேட்கவில்லை. கைக்குழந்தைக்கு முத்தடுப்பு ஊசி (தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னிக்கு எதிரானது) போட்டால் அன்றிரவே காய்ச்சல் அடிப்பதும், குழந்தை விடாமல் அழுவதும், ஊசி போட்ட இடம் வீங்குவதும் சகஜம். அது ஊசியால் வருவதுதான், தற்செயல் இல்லை. தட்டம்மை ஊசி என்றால் காய்ச்சல் பெரும்பாலும் ஒரு வாரம் கழித்து வரும். அபூர்வமாக, சில ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு, அந்தக் காய்ச்சலோடு வலிப்பும் வரலாம். பெரும்பாலும் எந்தப் பாதிப்பும் இல்லாமல் சரியாகிவிடும். ஆனால் கண் செருகிக் கை கால் வெட்டுகிற குழந்தையை மடியில் வைத்திருப்பவருக்கு அந்த இரண்டு நிமிடம் என்னவாக இருந்திருக்கும்? அந்த அம்மா கண்ணால் பார்த்ததை நீங்கள் ஒரே சொல்லில் இல்லை என்று ஆக்கிவிட்டீர்கள். அவர் பார்த்தது நிஜமாகவே இருக்கலாம். அவர் சொல்லும் காரணமும்கூடச் சரியாக இருக்கலாம். காய்ச்சலுக்கு ஊசி காரணம் என்பதிலிருந்து தடுப்பூசியே ஒரு சதி என்பது வரை அவர் நடந்த தூரத்தில்தான் தவறு இருக்கிறது. அந்தத் தூரத்தில் அவரோடு யாராவது கூட நடந்து பேசியிருந்தால் அவர் பதாகை பிடிக்க வந்திருக்கமாட்டாரோ என்னவோ.

ஒருவேளை அவருடைய பயம் ஆட்டிசம் பற்றியதாக இருக்கலாம். அப்படியானால் பேச வேண்டியது வேறு. 1998-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற மருத்துவரும் கூட்டாளிகளும், தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் ஊசியை ஆட்டிசத்தோடு இணைத்து வெளியிட்ட கட்டுரையிலிருந்து கிளம்பிய பயம் அது. அதில் இருந்தது மொத்தம் 12 குழந்தைகள். தடுப்பூசி நிறுவனங்கள்மேல் வழக்குப் போடத் தயாராகிக்கொண்டிருந்த வழக்கறிஞரிடம் வேக்ஃபீல்ட் பணம் வாங்கியிருந்தார் என்று பிரையன் டீர் என்ற பத்திரிகையாளர் தோண்டி எடுத்தார். 2010-இல் லான்செட் கட்டுரையைத் திரும்பப் பெற்றது, அதே ஆண்டு அவருடைய மருத்துவப் பதிவும் ரத்தானது. 2019-இல் டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளின் பதிவுகளைப் பார்த்தார்கள். அந்த ஊசி போட்ட குழந்தைகளிடம் ஆட்டிசம் கூடுதலாக இல்லை. இதெல்லாம் உங்களுக்கு மனப்பாடமாகவே தெரியும். ஆனால் அந்த அம்மாவின் பயம் இதுதானா என்று தெரியாமல் இதைச் சொல்வது, நோயைக் கேட்காமல் மருந்து எழுதுவது போல.

இதை நான் அடிபட்டுக் கற்றுக்கொண்டேன். சில வருடங்களுக்கு முன் உங்களைப் போலவே இப்படி ஒரு கூட்டத்தில் போய் நின்றேன். அறுபது வயதைத் தாண்டிய ஒரு மனிதர். கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. உள்ளே நகலெடுத்த தாள்கள், ஓரமெல்லாம் மடங்கி, வரிக்கு வரி பச்சை மையால் அடிக்கோடு. நிலவுக்கு மனிதன் போகவே இல்லை என்பது அவர் வாதம். என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. அப்பல்லோ 11, 14, 15 பயணங்களில் நிலவில் வைத்துவிட்டு வந்த பிரதிபலிப்பான்கள், அதாவது ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும் கண்ணாடிகள், இன்றும் அங்கே இருக்கின்றன, இங்கிருந்து லேசர் அடித்தால் இரண்டரை விநாடியில் ஒளி திரும்பி வருகிறது, தகுந்த கருவி உள்ள எந்த ஆய்வகமும் சோதிக்கலாம் என்றேன். கூட்டத்தில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். அவர் கோப்பைத் திறந்து ஒரு தாளைத் தேடி எடுத்தார். ‘சோவியத்காரன் ஆள் இல்லாத வண்டியை அனுப்பியே கண்ணாடி வைத்தானே, அப்போ கண்ணாடி இருந்தால் ஆள் போனான் என்று எப்படிச் சொல்வீர்கள்?’ என்றார்.

அவர் சொன்னது சரி. சோவியத் நிலவுக்கு அனுப்பிய லூனகோட் வண்டிகள் இரண்டிலும் பிரதிபலிப்பான்கள் இருந்தன, அவற்றில் மனிதர் யாரும் போகவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும், பார்த்துக்கொண்டிருந்தவர்கள் முன்னால் ஒப்புக்கொள்ள மனம் வராமல் பேச்சை வேறு பக்கம் திருப்பினேன். யாரோ சிரித்தார்கள். அவர் அந்தத் தாளை மெதுவாக உள்ளே வைத்து, கோப்பின் பட்டனை அழுத்தி மூடிவிட்டு விலகிப்போனார். நான் ஜெயித்ததாக அங்கிருந்தவர்கள் நினைத்திருக்கலாம். அன்று நேர்மையாக வாதாடியவர் அவர்தான். இன்றுவரை அதற்காக வருந்துகிறேன்.

அடுத்த வாரம் தேடிப்போய் அவரைப் பார்த்தேன். ‘நீங்கள் சொன்னது சரி, கண்ணாடி மட்டும் போதாது’ என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் இருவரும் ஓரமாக ஒரு படிக்கட்டில் உட்கார்ந்தோம். மைக் இல்லை, கூட்டம் இல்லை. அப்பல்லோ பயணங்கள் கொண்டுவந்த கல்லும் மண்ணும் 382 கிலோ. சோவியத்தின் ஆளில்லாக் கலங்கள் மூன்று முறை போய்க் கொண்டுவந்தது மொத்தமாக அரைக் கிலோகூட இல்லை. அதைச் சொன்னேன். நிலவைச் சுற்றிய அமெரிக்கக் கலம் எடுத்த படங்களில், விண்வெளி வீரர்கள் நடந்த தடங்களே கோடு கோடாகத் தெரிகின்றன. ‘அது அவர்கள் எடுத்த படம்’ என்றார். சந்திரயான் 2 எடுத்த படத்தில் அப்பல்லோ 11 விட்டுவந்த இறங்குகலத்தின் அடிப்பகுதி தெரிகிறது என்றேன். அதை அவர் குறித்துக்கொண்டார். மனம் மாறினாரா என்று கேட்டால், மாறினார் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கோப்பில் முதல்முறையாக அவர் தரப்புக்கு எதிரான ஒரு வரி பச்சை மையில் ஏறியது.

உங்கள் நண்பர்கள் சொல்வதற்கு வருகிறேன். ஆதாரம் காட்டினால் பிடிவாதம் கூடும் என்ற கருத்து பிரபலமானது 2010-இல் பிரெண்டன் நைஹானும் ஜேசன் ரெய்ஃப்லரும் வெளியிட்ட ஆய்வால். இராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருந்தன என்ற தவறான தகவலைத் திருத்தியபோது, ஒரு பிரிவினரிடம் அந்த நம்பிக்கை இன்னும் கூடியதாக அவர்கள் கண்டார்கள். பிறகு தாமஸ் வுட்டும் ஈதன் போர்ட்டரும் 52 விஷயங்களில் பத்தாயிரம் பேருக்கு மேல் சோதித்து 2019-இல் வெளியிட்டார்கள். பிடிவாதம் அப்படி எகிறியதைக் காணவில்லை, பெரும்பாலோர் உண்மையின் பக்கம் கொஞ்சமாவது நகர்ந்தார்கள். இந்த விளைவு பரவலானது இல்லை என்று நைஹானே பின்னால் எழுதினார். ஆகவே உங்கள் நண்பர்கள் பழைய செய்தியை வைத்துக்கொண்டு உங்களைச் சோர்வடையச் செய்கிறார்கள்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 2024-இல் சயன்ஸ் இதழில் வந்த ஒரு ஆய்வு. இரண்டாயிரம் பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். தாங்கள் நம்பும் சதி எது, ஏன் நம்புகிறோம் என்று ஒவ்வொருவரும் தங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதினார்கள். செயற்கை நுண்ணறிவு நிரல் ஒன்று அவர்கள் எழுதிய அதே காரணங்களை எடுத்துக்கொண்டு மூன்று சுற்றுப் பேசியது. நம்பிக்கை சராசரியாக 20 சதவீதம் குறைந்தது, இரண்டு மாதம் கழித்தும் அந்தக் குறைவு அப்படியே நின்றது. அந்த நிரலுக்கு அவசரம் இல்லை, கோபம் இல்லை, பார்வையாளர்கள் இல்லை. எதிரே இருப்பவர் எதை நம்புகிறாரோ அதற்கே பதில் சொன்னது. நாம் தெருவில் நிற்கும்போது நம்மிடம் இருக்கும் பதிலுக்குப் பொருந்துகிற கேள்வியைத்தான் காதில் வாங்குகிறோம். நான் கண்ணாடியோடு போனேன், நீங்கள் ‘தற்செயல்’ என்ற சொல்லோடு போனீர்கள்.

சரி, ‘பணம் கொடுத்தது யார்?’ என்ற கேள்வி. அதில் எரிச்சல்படாதீர்கள், அது நல்ல கேள்வி. புகைபிடிப்பதற்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு வெளியே வந்ததும் அமெரிக்கப் புகையிலை நிறுவனங்கள் 1953-இல் கூடிப்பேசி, பல பத்தாண்டுகள் மக்களைத் திட்டமிட்டு ஏமாற்றின. நீதிமன்றம் 2006-இல் அதை உறுதி செய்தது. டஸ்கீகியில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை, மேகநோய் கண்ட 399 கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தருவதாகச் சொல்லி, சிகிச்சை தராமலே 1932 முதல் 1972 வரை வேடிக்கை பார்த்தது. பென்சிலின் வந்த பிறகும் தரவில்லை. இதெல்லாம் சதியேதான். ஆதாரம் கேட்டே எதையும் ஏற்கும் சந்தேகவாதி என்று சொல்லிக்கொள்கிறவர் இவற்றை எதிராளி சொல்வதற்கு முன்னால் தானே சொல்ல வேண்டும், வாய்விட்டு, முழுமையாக. அதற்குப் பிறகுதான் அடுத்த கேள்வியைக் கேட்க நமக்கு உரிமை வரும்: இவை எப்படி வெளியே வந்தன? டஸ்கீகி விஷயத்தை பீட்டர் பக்ஸ்டன் என்ற ஊழியர் முதலில் உள்ளிருந்தே எதிர்த்து எழுதினார், கடைசியில் பத்திரிகையிடம் போனார். புகையிலை விஷயத்தில் நிறுவனங்களின் சொந்தக் காகிதங்களே சாட்சி. ஆளின் பெயர், தேதி, கையெழுத்து எல்லாம் இருந்தது. ‘உங்கள் பதாகையில் இருப்பதற்கு அப்படி ஒரு காகிதம், ஒரு ஊழியர், ஒரு தேதி இருக்கிறதா? இருந்தால் நானும் உங்களோடு நிற்கிறேன்’ என்று சொல்லுங்கள். மனதார நினைத்தால் மட்டும் சொல்லுங்கள்.

‘நீ எவ்வளவு வாங்கினாய்?’ என்றவருக்கு, ‘ஒன்றும் வாங்கவில்லை’ என்று ஒரு தடவை சொன்னால் போதும்.

தாவுவதைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். ஒன்றரை மணி நேரத்தில் நான்கு பதாகைகளுக்கும் பதில் சொல்ல முயன்றிருக்கிறீர்கள், யாராலும் முடியாது. ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் விமானப் புகை. கண்ணால் பார்த்துச் சோதிக்கக்கூடியது அது ஒன்றுதான். ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ தண்ணீர் ஆவியாக வெளியே வரும். பத்து கிலோமீட்டர் உயரத்துக் குளிரில் அது பனித்துகளாக உறைந்து வெள்ளைக் கோடாகிறது. மேலே காற்று உலர்ந்திருந்தால் கோடு உடனே மறையும், ஈரமாக இருந்தால் மணிக்கணக்கில் நிற்கும். இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சு விமானங்களுக்குப் பின்னாலும் இந்தக் கோடுகள் இருந்தன. தினமும் ஒரே நேரத்துக்குப் போகிற விமானத்தை ஒரு வாரம் சேர்ந்து பார்க்கலாமா என்று அவர்களிடம் கேளுங்கள். ஒரு நாள் கோடு நிற்கும், ஒரு நாள் நிற்காது. ஏன் என்று அவர்களே யோசிக்கட்டும்.

மைக் பக்கம் போகாதீர்கள். மைக் வைத்திருப்பவர் முப்பது பேர் முன்னால் தன் மனதை மாற்றிக்கொள்ளமாட்டார். நாமும் மாட்டோம். ஓரத்தில் நிற்பவர்களிடம் பேசுங்கள், தனித்தனியாக, குரலை உயர்த்தாமல். யாராவது நெருங்கி வந்து இடித்தால், சுற்றி வளைத்தால், அங்கேயே முடித்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

ஆகவே, போங்கள். அந்த அம்மா வந்திருந்தால் முதலில் அவரிடம் போங்கள். ‘போன வாரம் நான் சரியாகக் கேட்காமல் பேசிவிட்டேன்’ என்று சொல்லிவிட்டு, பிள்ளை இப்போது எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். எந்த ஊசி, எத்தனை மாதத்தில், காய்ச்சல் எத்தனை நாள் இருந்தது, மருத்துவரிடம் காட்டியபோது என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். யாருமே ஒன்றும் சொல்லவில்லை என்பார் என்றுதான் நினைக்கிறேன். அவர் சொல்வதில் உங்களுக்குப் பதில் தெரியாதது ஏதாவது இருந்தால், தெரியாது என்று சொல்லிவிட்டு எனக்கு எழுதுங்கள். எனக்குத் தெரிந்த குழந்தைநல மருத்துவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கேட்டு, வரும் வாரத்துக்குள் பதில் அனுப்புகிறேன்.

அன்புடன்