மயக்க மருந்து கொடுக்கும் நர்ஸாக என்ன படிக்க வேண்டும்?

கேள்வி: மகள் பிளஸ் டூவில் பயாலஜி குரூப் முடித்திருக்கிறாள். அமெரிக்காவில் மயக்க மருந்து கொடுக்கும் நர்ஸாக வேண்டுமாம். "பி.எஸ்சி. அனஸ்தீசியா டெக்னாலஜியில் சேருங்கள், பெயரிலேயே மயக்க மருந்து இருக்கிறதே" என்கிறார் மைத்துனர். ஜி.என்.எம். போதும் என்கிறார்கள் பக்கத்து வீட்டில். எதில் சேர்ப்பது?
— ஒரு தாய், உசிலம்பட்டி

பதில்: பி.எஸ்சி. நர்சிங்கில் சேருங்கள் அம்மா. பெயரைப் பார்த்து ஏமாறும் இடமே இதுதான். அனஸ்தீசியா டெக்னாலஜி நல்ல படிப்பு. மயக்க மருந்து மெஷினைச் சரிபார்ப்பது, டியூப்களைத் தயார் செய்வது, ஆபரேஷன் தியேட்டரில் டாக்டருக்கு உதவுவது என மதுரையிலேயே வேலை இருக்கிறது. ஆனால் அதைப் படித்தவர் நர்ஸ் ஆக மாட்டார். நர்சிங் கவுன்சிலில் பதிய முடியாது, அமெரிக்காவில் நர்ஸ் லைசென்ஸுக்கான என்கிளெக்ஸ் தேர்வும் எழுத முடியாது. பிறகு மனம் மாறினால் 4 ஆண்டு நர்சிங்கை முதலிலிருந்து படிக்க வேண்டும்.

ஜி.என்.எம். 3 ஆண்டு நர்சிங் டிப்ளமோ. பட்டம் வேண்டுமென்றால் மேலே போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் 2 ஆண்டு. பி.எஸ்சி. இடம் கிடைக்காவிட்டால் மட்டும் அந்த வழி.

நம் நாட்டில் மயக்க மருந்து கொடுப்பது டாக்டர்தான். நர்ஸுக்கு இங்கே அதற்கு நெருக்கமான மேற்படிப்பு, தீவிர சிகிச்சைக்கான 2 ஆண்டு நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு. அமெரிக்காவிலோ நர்ஸ் லைசென்ஸ், ஐ.சி.யு.வில் குறைந்தது 1 ஆண்டு முழுநேர வேலை, அதன்பின் 3 ஆண்டு டாக்டரேட் என்று போக வேண்டும். 2022 முதல் புதிதாகச் சேருவோருக்கு மாஸ்டர்ஸ் வழி கிடையாது. அந்த 3 ஆண்டில் குறைந்தது 600 நோயாளிகளுக்கு மயக்க மருந்து கொடுத்து, 2,000 மணி நேரம் பயிற்சி முடித்தால்தான் இறுதித் தேர்வு எழுதலாம்.

இப்போதே ஒன்று செய்யுங்கள். மார்க்‌ஷீட், பாஸ்போர்ட், கவுன்சில் பதிவு மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும். ஒன்றில் இனிஷியல், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாக என்றிருந்தால் அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்கும்போது சரிபார்ப்பில் ஃபைல் நின்றுவிடும். கல்லூரியை விட்டு வரும்போது சிலபஸ் நகலும், பிரசவம், குழந்தைகள், மனநலம் ஆகிய ஒவ்வொரு பிரிவிலும் பார்த்த பயிற்சி மணி நேரத்தைத் தனித்தனியாகக் காட்டும் டிரான்ஸ்கிரிப்ட்டும் வாங்கிவிட வேண்டும். ஒரு பிரிவில் மணி நேரம் குறைந்தாலும் அதை மறுபடி படிக்கச் சொல்வார்கள்.

கேள்வி: மதுரையில் ஐ.சி.யு.வில் இருக்கிறேன். இந்த அனுபவம் அமெரிக்காவில் கேட்கும் அந்த 1 ஆண்டு ஐ.சி.யு. வேலையில் சேருமா?
— ஸ்டாஃப் நர்ஸ், திருமங்கலம்

பதில்: சேராது. அதை அமெரிக்க ஐ.சி.யு.வில்தான் எடுக்க வேண்டும். ஆனால் அங்கே நேராக ஐ.சி.யு. வேலை கிடைக்க, இங்கே பார்த்த வேலைதான் கைகொடுக்கும். வென்டிலேட்டர், ஆர்ட்டீரியல் லைன் (தமனியில் வைத்து ரத்த அழுத்தம் பார்க்கும் டியூப்), நார்அட்ரினலின் இன்ஃப்யூஷன் (ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்து) மூன்றும் தினமும் ஓடும் யூனிட்டைப் பிடியுங்கள். ஏ.பி.ஜி. (தமனி ரத்த வாயுப் பரிசோதனை) ரிப்போர்ட் வந்ததும் டாக்டர் சொல்லும்முன் நீங்களே படித்துப் பாருங்கள். வார்டு மாற்றி மாற்றிப் போடும் ஆஸ்பத்திரியாக இருந்தால், ஐ.சி.யு.வில் இருந்த காலத்தைத் தேதியோடும் பெட் எண்ணிக்கையோடும் அனுபவச் சான்றிதழில் எழுதி வாங்குங்கள். வெறுமனே 'ஸ்டாஃப் நர்ஸ்' என்றிருந்தால் அந்தச் சான்றிதழ் இதற்கு உதவாது.