கூட்டம் நடக்கிறது, குழந்தை வளரவில்லையே?

கேள்வி: மாதம் இருமுறை தாய்மாரைக் கூட்டி ஊட்டச்சத்து பற்றிப் பேசுகிறோம். எல்லாரும் தலையாட்டுகிறார்கள். வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகள் அப்படியேதான் இருக்கிறார்கள். எங்கே தவறு?

பதில்: முதலில், அந்தக் குழந்தைகளின் உயரத்தை வைத்து உங்கள் வேலையை எடை போடாதீர்கள். கருவுற்றதிலிருந்து இரண்டு வயது வரையிலான சுமார் 1000 நாட்கள்தான் முக்கியம். விட்டுப்போன உயரத்தை அதன்பிறகு பிடிப்பது கடினம். இப்போது கர்ப்பமாக இருப்பவர்களையும் கைக்குழந்தைகளையும் கவனியுங்கள்.

அப்புறம், கூட்டத்துக்கு வருவது தாய். ஆறு மாதம் முடிந்ததும் என்ன ஊட்டுவது என்று சொல்வது பெரும்பாலும் பாட்டி. முட்டைக்குக் காசு தருவது அப்பா. இந்த இருவரையும் விட்டுவிட்டுத் தாயிடம் மட்டும் பேசி என்ன பயன்? சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கே போங்கள். ஒரு தடவைக்கு ஒரே விஷயம். உதாரணமாக, கூழ் கரண்டியைச் சாய்த்தால் தண்ணீராய் ஓடக் கூடாது. பாட்டி கையாலேயே கெட்டியாகச் செய்ய வையுங்கள். இரண்டு வாரம் கழித்துப் போய்ப் பாருங்கள். "உங்கள் பிள்ளை குட்டை" என்று நாலு பேர் முன்னால் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

சொன்னால் என்ன ஆகும் தெரியுமா? பயந்துபோன தாய் நேராக டப்பா மாவு விற்பவரிடம் போவாள். இந்த ஏஜென்டுகளிடம் ஜாக்கிரதை. "தேநீர்ச் செலவு என்னுடையது, ஐந்து நிமிடம் பேசிக்கொள்கிறேன்" என்று சிரித்தபடி வருவார்கள். உங்களுக்கும் கமிஷன் உண்டு என்பார்கள். தாய்ப்பாலுக்கு மாற்றான பொருள்களை விற்பவர்கள் தாய்மாரை நேரடியாக அணுகக் கூடாது, இலவச மாதிரியும் தரக் கூடாது என்று 1981-லேயே உலக சுகாதார மன்றம் விதிமுறை வகுத்துவிட்டது. யார் மதிக்கிறார்கள்? வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

வயதுக்கேற்ற உயரம் பார்ப்பதில் ஒரு விதிவிலக்கு. குறைமாதக் குழந்தைக்கு வயதைத் திருத்திக் கணக்கிட வேண்டும். இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு இன்று பத்து மாதம் என்றால், எட்டு மாதக் குழந்தையின் அளவோடுதான் ஒப்பிட வேண்டும். இரண்டு வயது வரை இப்படித்தான். அட்டையில் பிறந்த தேதியை மட்டும் பார்த்து "குறைவு" என்று குறித்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால் எத்தனை மாதத்தில் பிறந்தது என்று கேட்காமல் அளவுநாடாவை எடுக்காதீர்கள்.

மேலிடத்துக்குப் போகும் படிவத்தில் எத்தனை கூட்டம், எத்தனை கையெழுத்து, எத்தனை புகைப்படம் என்றுதான் இருக்கும். கூழ் கெட்டியானதா என்று கேட்க ஒரு கட்டம்கூடக் கிடையாது. சரி, அதை நிரப்பிக் கொடுத்துவிடுங்கள். உங்கள் நோட்டில் மட்டும் தனியாக எழுதுங்கள்: எந்த வீடு, யார் ஊட்டுகிறார், போன தடவை சொன்னதைச் செய்தார்களா.