குரோமில் ஒழுங்காக வரும் பக்கம் மற்ற பிரவுசர்களில் குலைகிறது, ஒவ்வொன்றுக்கும் தனி சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்ற விதிகள்) எழுத வேண்டுமா?

வேண்டாம். நான் எழுதிப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.

நீங்கள் நாலு குறை சொல்லியிருக்கிறீர்கள். ஐபோனில் அடியில் இருக்கும் பொத்தான் பாதி மறைகிறது, விண்டோஸில் மட்டும் குறுக்கே ஒரு ஸ்க்ரோல்பார் வருகிறது, பழைய ஐபேடில் கார்டுகள் இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொள்கின்றன, தமிழ்த் தலைப்பு சில மெஷின்களில் பெட்டியை விட்டு வெளியே நீட்டுகிறது. இந்த நாலில் பிரவுசர் மேல் பழி போடக்கூடியது ஒன்று, தாராளமாகக் கணக்குப் போட்டால் ஒன்றரை.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், நான் வேலைக்குச் சேர்ந்த காலம் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6இன் காலம். ஃபுளோட் செய்த, அதாவது ஓர் ஓரமாக ஒதுக்கிய பெட்டிக்கு அதே ஓரத்தில் 10 பிக்சல் மார்ஜின் (வெளி இடைவெளி) கொடுத்தால் அது 20 ஆக்கிக் காட்டும், டிஸ்ப்ளே இன்லைன் என்று சம்பந்தமே இல்லாத ஒரு வரி போட்டால் சரியாகிவிடும். இப்படிப்பட்ட மந்திரங்களை எல்லாம் சேர்த்து அந்தப் பிரவுசருக்கென்றே ஒரு தனி ஃபைல் வைத்திருந்தோம். அது வளர்ந்து வளர்ந்து மெயின் ஃபைல் அளவுக்கு வந்துவிட்டது. ஒருநாள் பார்த்தால் டாக்டைப் வரிக்கு, அதாவது பக்கம் எந்த விதிப்படி எழுதப்பட்டது என்று பிரவுசருக்குச் சொல்லும் முதல் வரிக்கு மேலே யாரோ இந்தப் பக்கத்தைச் செய்தது இன்னார் என்று பெருமையாக ஒரு கமெண்ட் போட்டிருக்கிறார்கள். டாக்டைப்புக்கு முன்னால் கமெண்ட் வந்தால் அந்தப் பிரவுசர் க்வர்க்ஸ் மோடுக்குப் போய்விடும், அதாவது 90களின் பழைய கணக்குக்கு. அகலம் 300, இரண்டு பக்கமும் பேடிங் (உள் இடைவெளி) 20, பார்டர் 1 என்றால் ஸ்டாண்டர்டுப்படி, அதாவது எல்லாப் பிரவுசருக்கும் பொதுவான விதிப்படி, பெட்டி மொத்தம் 342 பிக்சல். பழைய கணக்கில் எல்லாம் அந்த 300க்குள்ளேயே அடங்கிவிடும். அந்த 42 பிக்சலைத்தான் மாதக்கணக்கில் துரத்திக்கொண்டிருந்தோம். கமெண்டைக் கீழே இறக்கியதும் தனி ஃபைலில் பாதி தேவையில்லாமல் போனது.

அதனால் இன்றைக்கும் யார் பக்கம் குலைகிறது என்று வந்தாலும் நான் முதலில் பார்ப்பது டாக்டைப்பைத்தான். இப்போதைய பிரவுசர்களில் பெட்டிக் கணக்கு அப்படித் தலைகீழாக மாறாது, ஆனால் டேபிளுக்குள் எழுத்தளவு மேலிருந்து இறங்காமல் நிற்பது, உயரத்தைச் சதவீதத்தில் கொடுத்தால் விசித்திரமாக வேலை செய்வது எல்லாம் இன்னும் உண்டு.

சரி, உங்கள் ஐபோன் பொத்தான். அந்தப் பெட்டிக்கு உயரம் 100விஹெச், அதாவது திரையின் முழு உயரம், கொடுத்திருப்பீர்கள். சஃபாரி விஹெச்சைக் கணக்கிடுவது அதன் டூல்பார் சுருங்கியிருக்கும்போது கிடைக்கும் பெரிய உயரத்தை வைத்து. டூல்பார் விரிந்து நிற்கும்போது அடிப்பகுதி அதற்குப் பின்னால் போய்விடும். இதற்காகத்தான் எஸ்விஹெச் (டூல்பார் விரிந்திருக்கும்போது கிடைக்கும் சிறிய உயரம்), டிவிஹெச் (டூல்பாரோடு சேர்ந்து மாறும் உயரம்) என்ற புது அலகுகள் வந்தன, 2022க்குள் மூன்று பெரிய பிரவுசர்களுமே ஏற்றுக்கொண்டுவிட்டன. 100விஹெச் வரியை அப்படியே விட்டு அதன் கீழே 100எஸ்விஹெச் என்று இன்னொரு வரி எழுதுங்கள். புரியாத வரியைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும் என்பது சிஎஸ்எஸ்ஸின் ஆரம்பகால விதி, பழைய போன் முதல் வரியோடு நின்றுவிடும், புதியது இரண்டாவதை எடுத்துக்கொள்ளும். பிரவுசர் பெயரைக் கேட்டுத் தனி வழி போடுவதற்கு ஸ்டாண்டர்டு தரும் மாற்று இதுதான். ஐபோனில் குரோமிலும் இப்படித்தான் வருகிறது, அதனால் சஃபாரி காரணமில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஐபோனில் இருக்கும் குரோமுக்குள் ஓடுவதும் வெப்கிட்தான், அதாவது சஃபாரியின் எஞ்சின். ஐரோப்பிய யூனியனில் 2024 முதல் வேறு எஞ்சினுக்கு அனுமதி வந்தது, அது தனிக் கதை.

விண்டோஸ் ஸ்க்ரோல்பாருக்கு ஒரே வரி: அகலம் 100விடபிள்யூ (திரையின் முழு அகலம்) என்று எங்கேயோ எழுதியிருக்கிறீர்கள், அதில் செங்குத்து ஸ்க்ரோல்பாரின் அகலமும் சேரும். மேக்கில் ஸ்க்ரோல்பார் பக்கத்தின் மேலே மிதப்பதால் தெரியாது. அதை எடுத்துவிடுங்கள், பிளாக் எலிமெண்ட் தானாகவே முழு அகலம் எடுக்கும்.

பிரவுசர் மேல் பழி போடக்கூடிய அந்த ஒன்று ஐபேட்தான். ஃபிளெக்ஸில் (பெட்டிகளை வரிசையாக அடுக்கும் முறை) கேப் (பெட்டிகளுக்கு இடையே இடைவெளி) என்பது ஃபயர்பாக்ஸுக்கு 2018லேயே வந்துவிட்டது, குரோமுக்கு 2020, சஃபாரிக்கு 14.1இல், அதாவது 2021இல்தான். உங்கள் ஐபேட் 12இலேயே நின்றுபோன மாடலாக இருக்கும். சப்போர்ட்ஸ் விதி (இந்த வசதி தெரியுமா என்று பிரவுசரையே கேட்பது) வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று போகாதீர்கள், கிரிட்டுக்கு (கட்டங்களாக அடுக்கும் முறை) அதே கேப் உண்டு என்பதால் அது "ஆமாம், தெரியும்" என்று பொய் சொல்லும். நான் இதில் ஒரு மதியத்தைத் தொலைத்தேன். கார்டு வரிசைக்கு கிரிட் போடுங்கள், அந்த ஐபேடிலேயே கேப்போடு வேலை செய்யும்.

இனி தமிழ்த் தலைப்பு. இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும், ஏனென்றால் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பாடங்களில் இது அவ்வளவாக வராது, அங்கே தலைப்பில் இவ்வளவு நீளமான சொல் வருவது அபூர்வம். ஃபிளெக்ஸுக்குள் இருக்கும் பெட்டியின் குறைந்தபட்ச அகலம் சொல்லாமல் விட்டால் ஆட்டோ. ஆட்டோ என்றால் உள்ளே இருக்கும் மிக நீளமான சொல்லின் அகலத்துக்குக் கீழே அது சுருங்காது. நம்மிடம் "செயல்படுத்தப்பட்டுக்கொண்டிருக்கிறது" மாதிரி சொற்கள் சர்வசாதாரணம். ஆனால் இது எல்லாப் பிரவுசரிலும் ஒரே மாதிரி நடப்பது, பிறகு ஏன் சில மெஷினில் மட்டும்? எழுத்துரு. நீங்கள் தமிழுக்கென்று எழுத்துரு எதுவும் அனுப்பவில்லை என்றால் விண்டோஸ் நிர்மலாவை எடுக்கும், மேக் தமிழ் சங்கம் எம்என், ஆண்ட்ராய்டு நோட்டோ. அதே சொல் ஒன்றில் பெட்டிக்குள் மயிரிழையில் அடங்கும், இன்னொன்றில் அடங்காது. பிரவுசர் சண்டை மாதிரி தெரிகிறது, உண்மையில் எழுத்துருக்களின் அகலம்தான் வேறு.

எழுத்துருவை நீங்களே வெப்ஃபான்ட்டாக அனுப்புங்கள், பெட்டிக்கு மின்-விட்த் (குறைந்தபட்ச அகலம்) 0 கொடுங்கள், ஓவர்ஃபுளோ-ராப் பிரேக்-வேர்ட் சேருங்கள், அது அடங்காத சொல்லை மட்டும் உடைக்கும். கிரிட்டின் நெடுவரிசையாக இருந்தால் 1எஃப்ஆர் (மிச்ச இடத்தில் ஒரு பங்கு) போதாது, மின்மேக்ஸில் 0 முதல் 1எஃப்ஆர் வரை என்று எழுத வேண்டும், அங்கேயும் இதே ஆட்டோ ஒளிந்திருக்கிறது. வேர்ட்-பிரேக் பிரேக்-ஆல் மட்டும் வேண்டாம், தேவை இருக்கிறதோ இல்லையோ எல்லாச் சொல்லையும் வரிக் கடைசியில் வெட்டிவிடும். அப்புறம் லைன்-ஹைட்டை (வரி உயரம்) நார்மலாக விடாதீர்கள், அந்த நார்மல் எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும். நான் தமிழுக்கு 1.6 வைக்கிறேன்.

இதற்கு மேலும் ஏதாவது மிஞ்சினால் பக்கத்தின் நகலை எடுத்து, குறை மறையாமல் இருக்கும்வரை ஒவ்வொரு பகுதியாக வெட்டிக்கொண்டே போங்கள். இருபது வரிக்கு இறங்கும்போது பெரும்பாலும் காரணம் கண்ணில் பட்டுவிடும். படவில்லை என்றால் ஸ்டாண்டர்டு என்ன சொல்கிறது என்று படித்து எந்தப் பிரவுசர் தப்பு செய்கிறது என்று பார்க்கலாம், குரோம் எப்போதும் சரியாக இருக்கும் என்று விதி எதுவும் இல்லை. பிரவுசரின் பிழைதான் என்று உறுதியானால் அந்த இருபது வரியோடு அவர்களுடைய பிழைப் பட்டியலில் பதியுங்கள். நான் மூன்று தடவை அப்படிப் பதிந்திருக்கிறேன். இரண்டுக்கு, ஸ்டாண்டர்டின் இந்தப் பத்தியைப் படிக்கவும் என்று மரியாதையாகப் பதில் வந்தது.