"ஆயிடும்க்கா"

வணக்கம் அக்கா,

பெருங்குடியில் ஒரு நிறுவனத்தில் இருக்கிறேன். ஒன்பது வருடம் ஜாவாவில் கோட் எழுதினேன். போன ஏப்ரலில் ப்ராஜெக்ட் மேனேஜர் ஆக்கினார்கள், சம்பளமும் கூடியது. ஆனால் இந்த ஆறு மாதமாக நான் என்ன வேலை செய்கிறேன் என்று எனக்கே பிடிபடவில்லை. காலையில் ஸ்டாண்ட்-அப் மீட்டிங், மதியம் எக்செல், இரவு கிளையன்ட் கால். நேற்று வரை என்னோடு டீ குடித்தவர்களிடம் போய் "எப்போ முடியும்" என்று கேட்கிறேன், அவர்கள் பதில் சொல்லும் குரலே மாறிவிட்டது. ஊருக்குப் போனபோது அப்பா கேட்டார், "இப்ப நீ என்னதாம்ப்பா வேலை பாக்கற?" அவர் கட்டட மேஸ்திரி. கோட் எழுதுகிறேன் என்று முன்பு சொல்ல முடிந்தது, இப்போது ஒன்றும் சொல்ல வரவில்லை. பேசாமல் பழைய வேலைக்கே கேட்டுப் போய்விடலாமா?

வருகிற சனிக்கிழமை இரவு எங்கள் கோ-லைவ், நாங்கள் செய்தது பயன்பாட்டுக்கு வருகிற நாள். ரிப்போர்ட்டில் எல்லா வரியும் கிரீன், அதாவது சிக்கல் எதுவும் இல்லை. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

செ., பெருங்குடி

அன்புள்ள தம்பி,

உங்கள் கடைசி இரண்டு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். எல்லாம் கிரீன், ஆனால் தூக்கம் வரவில்லை. உங்கள் முழுக் கேள்விக்கும் பதில் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

நான் பதினேழு வருடம் இந்தத் துறையில் இருந்தேன், அதில் பதினொரு வருடம் ப்ராஜெக்ட் மேனேஜர். ஒரு சம்பவம் சொல்கிறேன். அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஒரு காப்பீட்டு நிறுவனம் எங்கள் கிளையன்ட். மெயின்ஃபிரேம் என்கிற பழைய பெரிய கம்ப்யூட்டரில் கிடந்த பாலிசிகளைப் புதிய சிஸ்டத்துக்கு மாற்றும் வேலை, ஃபிக்ஸட் பிரைஸ். அதாவது தாமதமானால் நஷ்டம் எங்கள் கம்பெனிக்கு. அதனால் மேலேயிருந்து யாரும் "உண்மை நிலவரம் என்ன" என்று கேட்க மாட்டார்கள், "கிரீன்தானே?" என்றுதான் கேட்பார்கள். டீமில் ஆரணிப் பக்கத்துப் பையன் ஒருவன், நல்ல கெட்டிக்காரன். டேட்டாவை மாற்றும் புரோகிராம் அவனுடையது. ஐந்து வாரமாகத் தொண்ணூறு சதவீதம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். "வெள்ளிக்கிழமைக்குள்ள முடிஞ்சிருமாப்பா?" "ஆயிடும்க்கா."

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அவன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சதவீதம் வேண்டாம், ஒரே ஒரு பாலிசியை எடுத்து ஆரம்பத்திலிருந்து கடைசி வரை என் கண்முன்னால் ஓட்டிக் காட்டு என்றேன். கொஞ்ச நேரம் மவுஸைப் பிடித்தபடியே இருந்தான். அப்புறம் ஓட்டினான். பழைய கோப்பில் பிறந்த வருடம் இரண்டு இலக்கம்தான், 34 என்று இருக்கும். 1934-இல் பிறந்த பெரியவர் புதிய சிஸ்டத்தில் 2034-இல் பிறந்தவராக வந்து நின்றார். இன்னும் பிறக்காதவருக்குப் பிரீமியம் கணக்கிடப் போய் மைனஸில் ஒரு தொகை. எல்லாப் பாலிசியும் அப்படியில்லை, வயதானவர்களுடையது மட்டும். இது அவனுக்கு மூன்று வாரமாகத் தெரியும். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நீங்க கஷ்டப்படுவீங்கன்னு நினைச்சேன்க்கா, நானே சரி பண்ணிடலாம்னு..."

அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நம் ஊரில் வளர்ந்த பிள்ளைகள் பெரியவர்கள் கேட்டால் "முடியாது" என்று சொல்லப் பழகியதில்லை, அது மரியாதைக் குறைவு என்று சொல்லித்தான் வளர்க்கிறோம். "ஆயிடும்" என்றால் ஆகும் என்றும் இருக்கலாம், ஆக வேண்டும் என்று ஆசைப்படுகிறேன் என்றும் இருக்கலாம், தயவுசெய்து இன்றைக்கு இதற்குமேல் கேட்காதீர்கள் என்றும் இருக்கலாம். இந்த மூன்றில் எது என்று குரலை வைத்துப் பிரித்தறிவதுதான் உங்கள் வேலை. உங்கள் டீமில் குரல் மாறிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்களே, நல்லது, அதைக் கேட்கிற காது உங்களுக்கு இருக்கிறது. ஒன்பது வருடம் நீங்களும் அதே "ஆயிடும்" சொல்லியிருப்பீர்கள், அதனால் வெளியிலிருந்து வரும் எந்த மேனேஜரைவிடவும் உங்களுக்கு அது சீக்கிரம் புரியும்.

என் தப்பு அதற்குப் பிறகுதான். மறுநாள் வெள்ளிக்கிழமை ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் போக வேண்டும். டெலிவரி ஹெட்டிடம் சொன்னேன். "அடுத்த வாரம் சொல்லிக்கலாம், இப்ப ரெட் போட்டா எஸ்கலேஷன் ஆகும்" என்றார், அதாவது விஷயம் மேலிடம் வரை போய்விடும் என்று. நான் கிரீன் என்றே அனுப்பினேன். அடுத்த வாரமும் கிரீன். மூன்றாவது வாரம் கிளையன்டே டெஸ்ட் செய்தபோது கண்டுபிடித்தார்கள். அன்றிரவு போன் காலில் கிளையன்ட் பக்கத்து அம்மாள் கத்தவில்லை, நிதானமாகத்தான் பேசினார். தேதி தள்ளிப்போனதில் தனக்கு வருத்தமில்லை, மூன்று வாரம் முன்பே தெரிந்திருந்தால் கிளைகளில் இருப்பவர்களைப் பயிற்சிக்கு வரவழைத்திருக்க மாட்டேன் என்றார். சிலர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்துவிட்டு வந்திருந்தார்களாம். நான் அதுவரை தேதி என்பதை என் எக்செல்லில் இருக்கும் ஒரு கட்டமாகத்தான் பார்த்திருந்தேன். அந்தத் தேதியை நம்பி முகம் தெரியாத யாரோ தங்கள் வீட்டு வேலையை மாற்றி அடுக்கியிருப்பார்கள் என்று தோன்றியதே இல்லை.

பெரிய இடங்களிலும் இப்படித்தான் நடக்கிறது. 2013 அக்டோபர் 1 அன்று அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீட்டுக்கான ஹெல்த்கேர்.கவ் தளத்தைத் திறந்தது. முதல் நாள் அதில் பதிவை முழுதாக முடிக்க முடிந்தவர்கள் ஆறே பேர். திட்டத்தில் இருக்கும் அபாயங்களை வெளியிலிருந்து வந்த ஆலோசனை நிறுவனம் ஒன்று அதற்குப் பல மாதம் முன்பே எடுத்துச் சொல்லியிருந்தது. தேதி மட்டும் நகரவில்லை. கீழே தெரிந்த விஷயம், மேலே தேதியை மாற்றும் அதிகாரம் உள்ளவர் காதுக்குப் போகும் வழியில் தேய்ந்துவிடுகிறது. அந்த வழியில் நின்றுகொண்டிருப்பவர்தான் ப்ராஜெக்ட் மேனேஜர். கெட்ட செய்தியைத் தேயவிடாமல் அப்படியே கொண்டுபோய்ச் சேர்ப்பதைவிட அந்த நாற்காலிக்கு முக்கியமான வேலை வேறு கிடையாது என்பது என் எண்ணம். மீட்டிங், எக்செல் எல்லாம் அதற்கான கருவிகள்தான்.

சரி, அப்பாவிடம் என்ன சொல்வது? அவருக்குத்தான் இந்த வேலை எளிதில் புரியும். தளம் போடுகிற நாளை நினைத்துப் பாருங்கள். ஜல்லி, மணல், சிமெண்ட் முந்தின நாளே வந்திருக்க வேண்டும், கம்பி கட்டி முடித்திருக்க வேண்டும், சென்ட்ரிங் தாங்குமா என்று ஒருமுறை தட்டிப் பார்க்க வேண்டும், மிக்சர் மிஷின் சொன்ன நேரத்துக்கு வர வேண்டும், இத்தனை ஆளுக்கும் டீயும் சாப்பாடும் சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கு உங்கள் அப்பா கரண்டியைக் கையில் எடுத்திருக்க மாட்டார். மேஸ்திரி என்ன வேலை பார்த்தார் என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள். வானம் கறுத்தால் "இன்னிக்கு வேண்டாம்" என்று வீட்டுக்காரர் முகத்துக்கு நேராகச் சொல்கிறாரே, அந்தச் சொல்லுக்காகத்தான் அவரை வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் அவருக்குத் தெரியும். கான்கிரீட் இறுகப் பதினைந்து நாள் வேண்டும் என்றால், சித்தாள் இருபது பேரைக் கூடுதலாக விட்டாலும் அது சீக்கிரம் இறுகாது. ஐ.பி.எம்.மில் சிஸ்டம்/360 கம்ப்யூட்டர்களின் ஆபரேட்டிங் சிஸ்டம் உருவாக்கத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் இதையே 1975-இல் எழுதினார்: தாமதமாகிவிட்ட சாஃப்ட்வேர் வேலையில் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும். ஆறு பேர் டீமில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள வேண்டிய ஜோடிகள் 15, பத்துப் பேர் ஆனால் 45. புதிதாக வருபவனுக்குச் சொல்லிக்கொடுக்க உங்கள் நல்ல ஆள்தான் வேலையை நிறுத்த வேண்டியிருக்கும். ஐம்பது வருடம் ஆகிவிட்டது, இன்றைக்கும் ரெட் என்றவுடன் வருகிற முதல் கேள்வி "பென்ச்சுல ரெண்டு பேர் இருக்காங்க, தரட்டுமா?" (பென்ச் என்றால் ப்ராஜெக்ட் இல்லாமல் காத்திருப்பவர்கள்.) வேண்டாம் என்று சொல்லத் தெரிந்துகொள்ளுங்கள். அதற்குப் பதிலாக வேலையில் எதைக் குறைக்கலாம் என்று கேளுங்கள்.

பழைய வேலைக்குப் போகலாமா என்று கேட்டீர்கள். கோட் எழுதுவதில் உங்களுக்கிருந்த சந்தோஷம் உண்மை, எழுதியது ஓடுகிறதா இல்லையா என்று அன்றைக்கே தெரிந்துவிடும். இதில் அது கிடையாது, நீங்கள் சரியாகச் செய்தால் ஒன்றுமே நடக்காது, ஒன்றும் நடக்காததற்கு யாரும் பாராட்டவும் மாட்டார்கள். அது உங்களை அரித்துக்கொண்டே இருந்தால் சாஃப்ட்வேர் ஆர்க்கிடெக்ட் பக்கம் போய்விடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, என் நண்பர்கள் சிலர் அப்படித் திரும்பி நிம்மதியாக இருக்கிறார்கள். ஆனால் இந்தத் தூக்கம் வராத வாரத்தில் முடிவெடுக்க வேண்டாம். இன்னொரு ப்ராஜெக்டை ஆரம்பத்திலிருந்து எஸ்டிமேட் போட்டு நடத்திப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இப்போது நடத்துவதன் தேதியை நீங்கள் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன், பெரும்பாலும் விற்கும்போதே யாரோ ஒத்துக்கொண்டு வந்துவிடுவார்கள்.

சனிக்கிழமைக்கு முன் இரண்டு காரியம் செய்யுங்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் உட்கார்ந்து, முதலிலிருந்து கடைசி வரை ஒரு தடவை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். தவறு வெளியே வந்தால் முகத்தைச் சுளிக்காதீர்கள், சுளித்தால் அடுத்த தடவை ஒருவனும் காட்ட மாட்டான். அப்புறம் ரோல்பேக். கேட்டால் எல்லோரும் "இருக்கு" என்பார்கள், பழைய நிலைக்குத் திரும்ப எத்தனை மணி நேரம் என்று ஓட்டிப் பார்த்தவர் யாராவது உண்டா என்று கேளுங்கள். நாலு மணி நேரம் என்றால், ஞாயிறு விடிகாலை இத்தனை மணிக்குள் சரிவராவிட்டால் திரும்பிவிடுவோம் என்று இப்போதே கிளையன்டிடம் பேசி எழுதி வாங்கிவிடுங்கள். விடிய விடிய விழித்திருந்த மூளையோடு எடுக்கிற முடிவு அல்ல அது. இரண்டில் ஏதாவது ஒன்று சரியாக இல்லையென்றால் அந்த வரியை ஆம்பருக்கு, அதாவது எச்சரிக்கை மஞ்சளுக்கு, மாற்றுங்கள். ரிப்போர்ட் போவதற்கு முன் கிளையன்டைப் போனில் கூப்பிட்டு நீங்களே சொல்லிவிடுங்கள், நிறத்தைப் பார்த்து அவர் தெரிந்துகொள்ளக் கூடாது.

சனிக்கிழமை ராத்திரி கேண்டீன் இருக்காது. பையன்களுக்கும் பெண்களுக்கும் சாப்பாடு இன்றைக்கே சொல்லிவிடுங்கள், விடிகாலை வீட்டுக்குப் போக வண்டியும்.