ஏரி, குவாரி, கருத்துக்கேட்பு: மனுவை யாரிடம், எப்படிக் கொடுப்பது?

ஆட்சியர் அலுவலக மனு, சுற்றுச்சூழல் புகார் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில். பாகப்பிரிவினைத் தகராறுகள் வேண்டாம்.

மதுராந்தகம் பக்கத்திலிருந்து: ஐயா, ஊர் ஏரியை ஓரத்திலிருந்து மண் கொட்டி மூடுகிறார்கள். திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுத்தும் "உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது" என்ற பதில்தான் வருகிறது.

மனுவில் "எங்கள் ஊர் ஏரி" என்று மட்டும் எழுதியிருந்தால் அது மேசை மேசையாகச் சுற்றத்தான் செய்யும். வட்டம், வருவாய் கிராமம், புல எண், உட்பிரிவு, பரப்பு ஐந்தும் முதல் பத்தியிலேயே இருக்க வேண்டும். வருவாய்த் துறையின் இ-சேவைத் தளத்தில் 'அ' பதிவேட்டையும் (ஒவ்வொரு புல எண்ணும் என்ன வகை நிலம், யார் பெயரில் என்று காட்டும் பதிவேடு) புலப்படத்தையும் எடுத்து, "ஏரி புறம்போக்கு" என்ற வகைப்பாடு தெரியும் பக்கத்தை மனுவோடு இணையுங்கள். பதிவேட்டில் பரப்பு ஹெக்டேர், ஏர் (100 சதுர மீட்டர்) கணக்கில் இருக்கும். நீங்களும் அப்படியே எழுதுங்கள். சென்டில் எழுதினால் சர்வேயர் வந்து குழம்புவார்.

அடுத்து, ஏரி யாருடையது? ஆயக்கட்டு, அதாவது அந்த ஏரித் தண்ணீர் பாயும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, அதற்குக் குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியம். நீர்வளத் துறை ஏரிகளுக்கு 2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம் உண்டு. மற்றவற்றுக்கு 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி வட்டாட்சியர். மனுவை ஆட்சியருக்கு எழுதி, இவர்களில் உங்கள் ஏரிக்கு உரிய அலுவலருக்கு ஒரு நகல் போடுங்கள்.

மண் கொட்டுகிறவர் பட்டாவை நீட்டினால் அதோடு திரும்பிவிடாதீர்கள். 1979-ல் தொடங்கிய யு.டி.ஆர். (நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பித்த) பணியின்போது நீர்நிலைப் புறம்போக்கு சில இடங்களில் தனியார் பெயரில் ஏறியிருக்கிறது. அதற்கு முந்தைய எஸ்.எல்.ஆர். (நிலவரித் திட்டப்) பதிவேட்டின் நகலையும் யு.டி.ஆர். 'அ' பதிவேட்டின் நகலையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி, புல எண் வாரியாக ஒப்பிடுங்கள். பழையதில் "ஏரி" என்றும் புதியதில் "ரயத்துவாரி" (தனியார் பட்டா நிலம்) என்றும் இருந்தால் உங்கள் மனு முழுக்க அந்த ஒரு வரியைப் பற்றியே இருக்க வேண்டும். வண்டியின் பதிவெண், தேதி, நேரம், எல்லைக்கல் தெரியும் படம் எல்லாம் அதற்குப் பிறகு.

ஒப்புகைச் சீட்டில் மனு எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.

திண்டிவனத்திலிருந்து: எத்தனை கையெழுத்து இருந்தால் மனு எடுபடும்?

ஒன்று போதும். புல எண் சரியாக இருக்கட்டும்.

ஈரோட்டிலிருந்து: கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறிவிட்டது. தனியார் ஆய்வகத்தில் சோதித்த அறிக்கை கையில் இருக்கிறது. வழக்குக்கு ஆகுமா சார்?

சந்தேகத்தைக் காட்ட ஆகும். ஆலை மீது குற்றத்தை நிரூபிக்க அது மட்டும் போதாது. 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலர் ஆலைத் தரப்புக்கு அந்த இடத்திலேயே அறிவிப்புக் கொடுத்து, ஆலை விடும் கழிவுநீரில் மாதிரி எடுத்து முத்திரையிட்டதுதான் சான்று. ஆகவே உங்கள் அறிக்கையை இணைத்து, "சட்டப்படி மாதிரி எடுக்கக் கோருகிறேன்" என்று வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுதுங்கள். கழிவு வெளியேறும் நேரத்தைக் குறிப்பிடுங்கள். இரவில் விடுகிற ஆலைக்குப் பகல் 11 மணிக்குப் போனால் தெளிந்த தண்ணீர்தான் கிடைக்கும்.

கரூரிலிருந்து: குவாரிக்குக் கருத்துக்கேட்புக் கூட்டமே நடக்கவில்லை. இது செல்லுமா?

குத்தகைப் பரப்பு 5 ஹெக்டேர் வரை என்றால் கூட்டம் தேவையில்லை. அதனால்தான் குத்தகைகள் 4.9 ஹெக்டேரில் நின்றுவிடுகின்றன. ஆனால் 500 மீட்டருக்குள் உள்ள குவாரிகளைச் சேர்த்து 5 ஹெக்டேரைத் தாண்டினால் கூட்டம் நடத்தியாக வேண்டும். சுற்றியுள்ள குத்தகைப் பட்டியலைக் கனிமவளத் துறையிடம் கேளுங்கள். 300 மீட்டருக்குள் குடியிருப்பு இருந்தால் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளின் 36-ஆம் விதியையும் மனுவில் சேருங்கள்.

எண்ணூர் பக்கத்திலிருந்து: கூட்டத்தைப் புறக்கணிப்பது நல்லதா?

இல்லை. 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி கூட்டம் தொடங்கக் குறைந்தபட்ச வருகை என்று எதுவும் கிடையாது. நீங்கள் போகாவிட்டாலும் கூட்டம் நடக்கும், "எதிர்ப்பு இல்லை" என்றே பதிவாகும்.

இடையில், திருப்பூரிலிருந்து: அண்ணே, இதை ஒத்துக்க முடியாது. போய் உட்கார்ந்தாலே "மக்களைக் கேட்டாச்சு"ன்னு எழுதிடறாங்க. பாதிப் பேர் வேலை கேட்டுப் பேசறாங்க, அது ஆதரவுன்னு போயிடுது. கூட்டத்தையே நடக்க விடாம பண்ணறதுதான் வழி.

வேலை கேட்டுப் பேசுவது பற்றி நீங்கள் சொல்வது சரி. "வேலை கொடுத்தால் சரி" என்றால் நிபந்தனையோடு சம்மதம் என்றுதான் அர்த்தமாகும். ஆனால் தடுத்து நிறுத்துவதில் ஒரு கண்ணி இருக்கிறது. மக்கள் தாராளமாகப் பேசும் சூழ்நிலை இல்லை என்று அறிக்கை போனால், கூட்டமே வேண்டாம் என்று முடிவெடுக்கவும் அதே அறிவிக்கை இடம் கொடுக்கிறது.

திருப்பூர்: ஒத்திவெச்ச கூட்டங்களும் இருக்குதே?

இருக்கின்றன. ஒத்திவைப்புக் கால அவகாசம் தருமே தவிர, பதிவைத் தராது. பிறகு பசுமைத் தீர்ப்பாயத்தில் எடுபடுவது பதிவுதான். கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பு நாளிதழில் அறிவிப்பு வரும். அந்த நாட்களில் ஆட்சியர் அலுவலகத்திலோ மாவட்டத் தொழில் மையத்திலோ சுற்றுச்சூழல் தாக்க வரைவு அறிக்கையைப் பாருங்கள். அறிக்கையில் விட்டுப்போன ஓடை, கிணறு, பள்ளிக்கூடம் ஆகியவற்றைப் பக்க எண்ணோடு எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மேடையில் அதையே வாசியுங்கள், வீடியோவில் பதிவாகும். முடிவில் கூட்ட நடவடிக்கைகளை உள்ளூர் மொழியில் படித்துக்காட்ட வேண்டும். அதற்கு முன் எழுந்து போகாதீர்கள். உங்கள் பேச்சு விடுபட்டிருந்தால் அந்த இடத்திலேயே சொல்ல வேண்டும், மறுநாள் சொல்லிப் பயனில்லை.

திருப்பூர்: பார்க்கலாம் அண்ணே. எங்க ஊர்ல இன்னமும் புறக்கணிப்புதான் பேச்சு.

புறக்கணித்தாலும் எழுத்து மூலமான ஆட்சேபத்தையாவது அனுப்பிவிட்டுச் செய்யுங்கள்.

தாம்பரத்திலிருந்து: பக்கத்தில் அடுக்குமாடி வருகிறது. கூட்டம் எப்போது?

கட்டடங்களுக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் கிடையாது.

விருதுநகரிலிருந்து: ஆட்சியரிடம் மனு கொடுத்தேன், பதிலே வரவில்லை.

புல எண் எழுதினீர்களா? மனு எண் இருக்கிறதா? முதல் பதிலைப் படியுங்கள். இரண்டும் இருந்தால், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள். "ஏன் நடவடிக்கை இல்லை?" என்று கேட்டால் தட்டிக் கழிப்பார்கள். "இந்த எண்ணுள்ள மனு மீதான கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல்" என்று கேளுங்கள். 30 நாளில் வராவிட்டால் மேல்முறையீடு.

நாமக்கல்லிலிருந்து: கிராம சபைத் தீர்மானம் இருந்தால் குவாரி நின்றுவிடுமா?

தானாக நிற்காது. ஆனால் நல்ல சான்று. தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்து, நகலை வாங்கிக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து: ஆட்சியருக்கு மனு அனுப்பினோம், இன்னும் பதில் இல்லை...

மேலே விருதுநகருக்குச் சொன்னதுதான்.

கடலூரிலிருந்து: ஆலைக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்துவிட்டார்கள். மனு நாளில் கொடுத்தால் ரத்தாகுமா?

ஆகாது, ஆட்சியருக்கு அந்த அதிகாரம் இல்லை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள், அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை. பதிலுக்குக் காத்திருக்கும் நாட்களும் இந்தக் கணக்கில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அனுமதிக் கடிதத்தின் தேதி சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் இருக்கும். இன்றே எடுத்துப் பாருங்கள்.